பெயர், ஊர், வந்த காரியம்: தில்லி நடுவே தங்குமிடம் தேடியோர்

தில்லிக்கு மேற்படிப்புக்காக வரும் தமிழ் மாணவர், பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைக்கும்வரை அறை தேடி அலையும் ஊர்களின் பெயர்களில் ஓர் ஒற்றுமை உண்டு. பேர் சராய், ஜியா சராய், கட்வாரியா சராய்; சற்றுத் தள்ளி யூசுப் சராய், லாடோ சராய்; யமுனைப் பக்கம் சராய் காலே கான். தமிழில் சராய் என்றால் கால்சட்டை நினைவுக்கு வரும். அது ஒலி ஒற்றுமை மட்டுமே. இங்கே வருவது பாரசீகச் சொல். அரண்மனை, பெருமனை, வழிப்போக்கர் தங்கும் கட்டடம் ஆகியவற்றை அது குறித்தது. துருக்கியில் அரண்மனை என்னும் பொருள் நிலைத்தது. போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் பெயருக்குள் இருப்பது அந்தச் சொல்தான். இந்தியாவில் பயணியர் விடுதி என்னும் பொருளே மேலோங்கியது. விடுதிகள் அழிந்த பிறகும் ஊர்ப்பெயரின் பின்னொட்டாக அது தங்கிவிட்டது. முகல்சராய் நிலையத்துக்கு 2018இல் வேறு பெயர் வைக்கப்பட்ட பிறகும் பயணிகள் பழைய பெயரையே சொல்கிறார்கள்.

நெருக்கடியான நகரின் நடுவில் தங்குமிடம் தேடுகிறவர் இன்று எடைபோடும் காரணிகள் யாவரும் அறிந்தவை: வாடகை, மெட்ரோ நிலையத்தின் தொலைவு, இரவுச் சந்தடி, சன்னல் உண்டா இல்லையா என்பது. பயணக் கையேடுகள் அனைத்தும் இந்த வரிசையிலேயே பேசுகின்றன. தேர்வு முழுவதும் பயணியின் கையில் இருப்பதான தோற்றம் இதனால் உண்டாகிறது. ஆனால் விடுதியும் பயணியைத் தேர்ந்தெடுக்கிறது. பெயர் என்ன, எந்த ஊர், என்ன காரியமாக வந்தீர் என்னும் மூன்று கேள்விகளில் அந்தத் தேர்வு முடிந்துவிடும். பழைய தில்லியின் முந்நூற்றைம்பது ஆண்டு வரலாற்றில் தங்குமிடங்களின் கட்டட அமைப்பைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு இந்தக் கேள்விகளைப் பற்றி எழுதப்படவில்லை.

ஷாஜஹான் 1648இல் தம் புதிய தலைநகரான ஷாஜஹானாபாதுக்குக் குடிபுகுந்தார். ஈராண்டுகளுக்குள் அவர் மகள் ஜஹானாரா நகரின் நடுவே சாந்தினி சௌக்கை அமைத்தார். தெருவின் நடுவே கால்வாய் ஓடியது. சதுக்கத்தில் நீர்நிலை இருந்தது. அதன் வடபுறம் தோட்டமும், தோட்டத்தின் முகப்பில் ஒரு பெரிய சராயும் எழுந்தன. அரசகுலப் பெண், அதுவும் மணம் செய்துகொள்ளாதவர், தம் சொந்த வருவாயைக் கொண்டு நகரின் மிக விலையுயர்ந்த நிலத்தில் வெளியூராருக்கு விடுதி கட்டினார். மசூதியும் கல்லறையும் கட்டிப் பெயர் பெறுவதே வழக்கமாயிருந்த காலத்தில் அவர் விடுதியையும் தேர்ந்தெடுத்தார் என்பது தனியே ஆராயத் தக்கது.

அந்தச் சராயைக் கண்டவர்களில் ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் ஃபிரான்சுவா பெர்னியே. அவர் 1663 ஜூலையில் தில்லியிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தில் அதன் அமைப்பை விவரிக்கிறார். பெரிய சதுர முற்றம், சுற்றிலும் வளைவுகள், ஒவ்வொரு வளைவுக்கும் இடையே தடுப்பு, உட்புறம் சிறு அறை, மேல்தளத்தில் நடையும் அதே எண்ணிக்கையில் அறைகளும். பாரசீகத்திலிருந்தும் உஸ்பெக் நாட்டிலிருந்தும் வரும் செல்வ வணிகர்கள் அங்கே தங்கினர். பொதுவாக அறை காலியாகக் கிடைக்கும். இரவில் வாயில் அடைக்கப்படுவதால் அச்சமில்லை. இதையடுத்து அவர் தம் சொந்த ஊரை நினைத்துக்கொள்கிறார். பாரிசின் பல பகுதிகளில் இப்படி இருபது கட்டடங்கள் இருந்தால், புதிதாக வருகிறவர் பாதுகாப்பான, கட்டுபடியாகும் இடம் தேடித் தடுமாற வேண்டியதில்லை. சில நாள் அங்கே தங்கி, தெரிந்தவர்களைப் பார்த்து, பிறகு நிதானமாக வசதியான இருப்பிடம் தேடிக்கொள்ளலாம் என்கிறார். இன்றைக்கும் தில்லிக்கு வரும் மாணவர் செய்வது இதைத்தான். முதல் வாரம் தெரிந்தவர் அறையிலோ மலிவான விடுதியிலோ கழிகிறது. நிலையான அறை பிறகுதான் கிடைக்கிறது.

ஐரோப்பியப் பயணிகள் இந்தியாவைக் குறை சொல்லவே எழுதினார்கள் என்று ஒரேயடியாக ஒதுக்குவோர் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டும். அதே பெர்னியே சாதாரண சராய்களைப் பற்றிக் கடுமையாகவும் எழுதியிருக்கிறார். களஞ்சியம் போன்ற கட்டடத்தில் நூற்றுக்கணக்கான மனிதரும் குதிரைகளும் கழுதைகளும் ஒட்டகங்களும் கலந்து கிடப்பர். கோடையில் வெக்கை தாங்காது. குளிர்காலத்தில் விலங்குகளின் மூச்சுச் சூடுதான் மனிதரைக் காக்கும். இரண்டு விவரிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் படிநிலை தெரிகிறது. நகர நடுவில் இருந்த அழகிய சராய் எல்லாருக்குமானதன்று. பின்னாளில் சென்னையில் குடியேறிய வெனிஸ்காரர் மனூச்சியும், ஜஹானாராவின் சராயில் தங்கியோர் பெருவணிகர்களே என்று குறிப்பிடுகிறார். எளிய வணிகரும் கூலியாளரும் மதில் வாயில்களுக்கு அருகிலோ வெளியிலோ ஒதுங்கினர். தெற்குத் தில்லியின் சராய் ஊர்கள் நகரிலிருந்து அவ்வளவு தொலைவில் கிடப்பதும் இதோடு பொருந்துகிறது: அவை சாலையை நம்பிய சராய்கள், நகரத்தை நம்பியவை அல்ல.

சாதி, சமயப் பிரிவினை இந்த விடுதிகளில் இருந்ததா? இருந்தது, வெளிப்படையாகவே இருந்தது. ஷேர்ஷா சூரி 1540களில் பெருவழிகளில் அமைத்த சராய்களைப் பற்றி அக்பர் காலத்தில் எழுதிய அப்பாஸ் கான் சர்வானி, இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்டதையும், இந்துக்களுக்கு வெந்நீர் தரவும் சமைக்கவும் பிராமணர் அமர்த்தப்பட்டதையும் பதிவு செய்கிறார். இதை நல்லிணக்கத்தின் சான்றாக மேற்கோள் காட்டுவோரும் உண்டு, பிரிவினையின் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. இரண்டுமே பாதி உண்மை. இரு பிரிவினரும் ஒரே வாயிலுக்குள் வரலாம் என்பதை அந்த ஏற்பாடு உறுதி செய்தது. வாயிலுக்குள் வந்தவரின் பெயரைக் கேட்டுத்தான் எந்தப் பக்கம் என்று முடிவு செய்தது. இரு பக்கங்களிலும் சேர்க்கப்படாதவர்களைப் பற்றி அந்த நூல் பேசுவதில்லை.

1857 செப்டம்பரில் ஆங்கிலேயப் படை தில்லியை மீண்டும் கைப்பற்றியபின் நகரமே விடுதியாகிவிட்டது என்று சொல்லலாம். அனுமதி பெற்றவர் மட்டுமே உள்ளே இருக்கக்கூடிய விடுதி. நகர மக்கள் வெளியேற்றப்பட்டனர். இந்துக்கள் முதலில் திரும்ப விடப்பட்டனர். முஸ்லிம்கள் நெடுநாள் காத்திருந்தனர். மதிலுக்குள் வசிக்கச் சீட்டு வாங்க வேண்டியிருந்ததைக் கவிஞர் காலிப் தம் கடிதங்களில் கசப்போடு எழுதுகிறார். காலிப் வாழ்நாள் முழுவதும் வாடகை வீட்டிலேயே இருந்தவர். பல்லிமாறான் பகுதியில் அவர் தங்கியிருந்த சந்தில் பட்டியாலா மன்னரின் மருத்துவர்கள் குடியிருந்தனர். ஆங்கிலேயரோடு சேர்ந்திருந்த அம்மன்னரின் காவலர்கள் சந்து வாயிலில் நின்றதால்தான் கவிஞரும் அங்கேயே இருக்க முடிந்தது. எந்தத் தெருவில் வாடகைக்கு இருக்கிறோம் என்பது உயிரைக் காத்த நேரம் அது.

செங்கோட்டையைச் சுற்றிப் பெரும் பரப்பு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. சற்றுத் தொலைவிலிருந்த ஜஹானாராவின் சராயும் தப்பவில்லை. அது இருந்த இடத்தில் 1860களில் ஐரோப்பிய பாணியில் ஒரு கட்டடம் எழுந்து, பிறகு நகராட்சியின் டவுன் ஹால் ஆயிற்று. பின்னாலிருந்த பேகத்தின் தோட்டம் மகாராணியின் தோட்டம் என்று பெயர் மாறியது. வெளியூர் வணிகர் அறை கேட்டு நின்ற இடத்தில், வரி கட்டவும் மனுக் கொடுக்கவும் உள்ளூர்க்காரர் நிற்கலாயினர்.

சராய் போன இடத்துக்குச் சராய் பற்றிய சட்டம் வந்தது. 1867ஆம் ஆண்டின் சராய்ச் சட்டம் பயணிகள் தங்கப் பயன்படும் கட்டடம் எதையும் சராய் என்று வரையறுத்தது. நடத்துபவர் மாஜிஸ்திரேட்டிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். நன்னடத்தைச் சான்று கேட்கப்படலாம். தொற்றுநோய் கண்டால் தெரிவிக்க வேண்டும். இடத்தைத் துப்புரவாக வைத்து, காவலாள் அமர்த்த வேண்டும். ஆணையிடப்பட்டால் தங்கியோர் விவரத்தையும் எழுதித் தர வேண்டும். பெர்னியே பார்த்த காலத்தில் பாதுகாப்பு என்பது பயணியை வெளியிலிருப்பவரிடமிருந்து காப்பது. அதற்காகத்தான் இரவில் கதவு அடைக்கப்பட்டது. 1867க்குப் பிறகு ஆட்சியைப் பயணியிடமிருந்து காப்பதும் பாதுகாப்பு ஆயிற்று. அதற்குக் கதவு போதாது, ஏடு வேண்டியிருந்தது. தில்லியில் இருபதாம் நூற்றாண்டின் விருந்தினர் இல்லங்களும் நீண்ட காலம் இந்தச் சட்டத்தின்கீழ்தான் பதிவாயின. நட்சத்திர ஓட்டலும் சட்டத்தின் கண்ணில் சராயே.

அதே 1867இல் ரயில் பாதை யமுனையைத் தாண்டித் தில்லி நகருக்குள் நுழைந்தது. மதிலை உடைத்துக்கொண்டு தோட்டத்தின் வடக்கே நிலையம் அமைந்தது. இதனால் தில்லிக்கு ஒரு விசித்திரமான வசதி வாய்த்தது: வந்திறங்குபவர் நேரே நகரின் நெஞ்சில் இறங்கினார். சாந்தினி சௌக்கின் மேற்கு முனையில் ஃபத்தேபுரி மசூதியைச் சுற்றியுள்ள பகுதியில் தர்மசாலைகளும் மலிவான ஓட்டல்களும் பெருகியதற்கு இந்த அண்மையே காரணம். மசூதியின் கதையும் அந்தக் காலத்தைச் சொல்லும். 1857க்குப்பின் பறிமுதல் செய்யப்பட்டு, லாலா சுன்னாமல் என்னும் வணிகருக்கு விற்கப்பட்டு, 1877இல்தான் தொழுகைக்குத் திரும்பக் கிடைத்தது. நகர நடுவின் நிலம் பழைய பிரபுக்களிடமிருந்து வணிகக் குடும்பங்களுக்கு மாறிக்கொண்டிருந்தது. தர்மசாலைகளைக் கட்டியோரும் பெரும்பாலும் வணிகர்களே.

தர்மசாலையில் காசு வாங்குவதில்லை, அல்லது மிகச் சிறிதே வாங்குவார்கள். தங்கும் நாள்களுக்கு வரம்பு உண்டு. பெரும்பாலும் மூன்று நாள். புலால் கூடாது. கட்டியவரின் சாதிக்கோ ஊருக்கோ சமயப் பிரிவுக்கோ முன்னுரிமை உண்டு. பல இடங்களில் அவர்களுக்கு மட்டுமே. முஸ்லிம் பயணிகளுக்கு முசாஃபிர்கானா. சீக்கியருக்குக் குருத்வாராவை ஒட்டிய சராய். பழைய சொல்லை இன்றுவரை விடாமல் வைத்திருப்பவர்கள் அவர்களே, வேற்றுச் சமயத்தாரையும் அங்கே தங்கவிடுகிறார்கள். ஆங்கிலேயருக்கு மதிலுக்கு வெளியே சிவில் லைன்ஸில் ஓட்டல்கள். ரயில் நிலையத்திலேயே இந்து நீர், முஸ்லிம் நீர் என்று இரண்டு குடங்கள். ஒரே வண்டியில் தோளோடு தோள் உரச வந்தவர்கள் இறங்கியதும் வேறு வேறு வாயில்களை நோக்கிப் பிரிந்தார்கள்.

இந்த வாயில்கள் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். தர்மசாலா வடமொழி, முசாஃபிர்கானா அரபு-பாரசீகக் கூட்டு, சராய் பாரசீகம், ஓட்டல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்தது. அகராதியில் இவை ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றும். வழக்கில் அப்படியல்ல, எந்தச் சொல்லைக் கேட்டு விசாரிக்கிறார் என்பதைக் கொண்டே கேட்பவர் யாரென்று ஒரு கூலியாள் ஊகித்துவிடுவார். தமிழிலும் சத்திரம், மடம், சாவடி, லாட்ஜ் ஆகியவற்றுக்கிடையே இத்தகைய இடைவெளிகள் உண்டு. விடுதி என்ற சொல் மட்டும் 'விடு' என்னும் வேரிலிருந்து வந்து, பயணத்தை விட்டு நிற்கும் இடம் என்ற அளவில் பொதுவாக நிற்கிறது. ஓட்டல் தமிழ்நாட்டில் உணவகமாகப் பொருள் மாறிய பிறகும் பெயர்ப்பலகையில் சாதி ஒட்டிக்கொண்டிருந்தது. 1957இல் திருவல்லிக்கேணியில் முரளி கபே முன் திராவிடர் கழகத்தார் நடத்திய மறியல் அந்த ஒற்றைச் சொல்லுக்கு எதிரானது.

வாயிலில் நிறுத்தப்பட்டவர்கள் தாமே எழுதிவைத்த பதிவுகள் அரிது. வணிகரும் தூதரும் பயணக் குறிப்பு எழுதினார்கள். அறை மறுக்கப்பட்டவர் எழுதுவதற்கு மேசை எங்கே? நமக்குக் கிடைப்பவற்றில் மிக விரிவானது தில்லியைப் பற்றியதன்று, பரோடாவைப் பற்றியது. ஆனால் அது காட்டும் ஏற்பாடு வட இந்திய நகரம் ஒவ்வொன்றுக்கும் பொருந்தும். எழுதியவர் அம்பேத்கர்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துத் திரும்பிய அம்பேத்கர் 1917இல் பரோடா அரசுப் பணியில் சேரப் போனார். ரயிலில் இருக்கும்போதே அவரை வாட்டிய கேள்வி, எங்கே தங்குவது என்பது. இந்து விடுதிகள் அவரைச் சேர்க்கமாட்டா. வேறொருவராக நடித்தால் உள்ளே போகலாம். கண்டுபிடிக்கப்பட்டால் விளைவு என்னவென்று அவருக்குத் தெரியும். நிலையத்தில் கூலியாளிடம் விசாரித்து ஒரு பார்சி விடுதிக்குப் போகிறார். அங்கே பராமரிப்பாளர், இவர் பார்சியர் அணியும் சட்டையும் இடுப்புக் கயிறும் அணியவில்லை என்பதைக் கண்டு, இது பார்சியருக்கு மட்டும் என்கிறார். விருந்தினர் யாரும் வராத விடுதி அது. வருமானத்தை விடவும் பராமரிப்பாளருக்கு மனமில்லை. ஒரு தீர்வு ஏற்படுகிறது: பதிவேட்டில் பார்சிப் பெயர் எழுதப்படும். நாளுக்கு ஒன்றரை ரூபாய். தட்டுமுட்டுச் சாமான் குவிந்த மாடியில், மங்கிய விளக்கொளியில், பேச ஆளின்றி அவர் பத்து நாள் கழிக்கிறார். பதினோராம் நாள் காலையில் ஒரு டசன் பார்சியர் தடியோடு வந்து நிற்கிறார்கள். மாலைக்குள் காலி செய்ய வேண்டும். தெரிந்த இருவரிடம் கேட்கிறார். இந்து நண்பர், நீங்கள் வந்தால் வேலைக்காரர் போய்விடுவர் என்கிறார். பிராமணக் குடும்பத்திலிருந்து மதம் மாறிய கிறித்தவ நண்பர், மனைவியைக் கேட்க வேண்டும் என்கிறார். அம்பேத்கர் ஊர்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு வண்டியில் பம்பாய் திரும்புகிறார்.

இந்த நிகழ்ச்சியைத் தீண்டாமையின் கொடுமைக்குச் சான்றாகவே பலர் எடுத்துக்காட்டுவர், சரிதான். விடுதிகளின் வரலாற்றுக்கும் அது சான்று. அம்பேத்கரிடம் பணம் இருந்தது, பதவி இருந்தது, கொலம்பியப் பல்கலைக்கழகப் பட்டம் இருந்தது. ஊரில் காலி அறையும் இருந்தது. சந்தை விதிப்படி எல்லாம் பொருந்தின. பொருந்தாதது பெயர் ஒன்றுதான். அதை மாற்றியதும் அறை கிடைத்தது; பெயர் பொய் என்று தெரிந்ததும் அறை போயிற்று. இதில் பராமரிப்பாளரின் நிலையும் கவனிக்கத் தக்கது. அவர் தம் சமூகத்தின் விதியை மீறத் தயாராக இருந்தார். ஏடு சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைத்தார். விடுதி நடத்துவோர் எல்லாக் காலத்திலும் செய்துவந்த சமரசம் அது.

பொய்ப்பெயர் வேறொருவருக்கு எப்படி உதவியது என்பதற்குத் தில்லிக்கே திரும்ப வேண்டும். 1948 ஜனவரியில் நாதுராம் கோட்சேவும் நாராயண் ஆப்தேயும் கன்னாட் பிளேசில் மெரினா ஓட்டலில் அறை எடுத்தார்கள். நகரம் அப்போது பிரிவினை அகதிகளால் நிரம்பி வழிந்தது. புராணா கிலாவும் ஹுமாயூன் கல்லறைத் தோட்டமும் முகாம்களாகியிருந்தன. புதுத் தில்லியின் மையத்தில் நல்ல ஓட்டலில் அந்த இருவரும் தேஷ்பாண்டே என்னும் பெயரில் பதிவு செய்துகொண்டு 17 முதல் 20ஆம் தேதி வரை தங்கினார்கள். சந்தேகம் எழவில்லை. ஆங்கிலம் பேசும், நன்றாக உடுத்திய, மேல்சாதி மராத்தியப் பெயர் கொண்ட இருவரை எந்த வரவேற்பாளர் தடுப்பார்? 20ஆம் தேதி பிர்லா மாளிகையில் குண்டு வெடித்தபின் போலீசார் ஓட்டலுக்கு வந்தபோது, ஏட்டிலிருந்த பெயர் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. சலவைக்குப் போட்டிருந்த துணிகளில் என்.வி.ஜி. என்ற எழுத்துகள் இருந்தன. அந்தக் குறியை உரிய விரைவோடு பின்தொடரவில்லை என்பது பிற்காலத்தில் எழுந்த பெரும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. கோட்சே திரும்ப வந்து, 29ஆம் தேதி பழைய தில்லி ரயில் நிலையத்தின் ஓய்வறையில் வேறொரு பொய்ப்பெயரில் தங்கினார். மறுநாள் காந்தி கொல்லப்பட்டார். வழக்கு நடந்த இடம் செங்கோட்டை.

பதிவேடு என்னும் கருவி யாரைத் தடுத்தது, யாரை விட்டது என்று கேட்டால் இந்த இரு நிகழ்ச்சிகளும் போதும். 1867இன் சட்டம் குற்றவாளியைப் பிடிக்க ஏடு வைக்கச் சொன்னது. அந்த ஏட்டால் நடந்த வேலையோ, வருகிறவரின் சமூகத்தை அறிவதுதான்.

அரசியல் நிர்ணய சபையில் இன்றைய 15ஆம் பிரிவாக அமைந்த வாசகம் 1948 நவம்பரில் விவாதத்துக்கு வந்தது. கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் நுழைய மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அடிப்படை உரிமைகளில் பல அரசை மட்டுமே கட்டுப்படுத்துவன. இது தனியாரையும் கட்டுப்படுத்துவது. கடை என்ற சொல்லின் எல்லை எது என்று கேட்கப்பட்டபோது, சேவை அளிக்கும் இடம் எதையும் உள்ளடக்கும் பரந்த பொருளில் அது ஆளப்படுவதாக அம்பேத்கர் விளக்கினார். பரோடாவில் ஒன்றரை ரூபாய்க்குப் பெயரை விற்க நேர்ந்தவர் அந்த விளக்கத்தைத் தந்தார் என்பதை அரசியல் சட்ட வகுப்புகளில் யாரும் நினைவூட்டுவதில்லை. 2011இல் உச்ச நீதிமன்றம், தனியார் கல்லூரிச் சேர்க்கை வழக்கொன்றில் அந்த விளக்கத்தையே துணையாகக் கொண்டது.

ஆனால் அரசியல் சட்ட வாசகத்தில் ஓட்டல் மட்டுமே இருந்தது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் தர்மசாலா, சராய், முசாஃபிர்கானா என்று மூன்றையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. சட்ட வரைவாளர் சொல்லடுக்குக்காக இதைச் செய்யவில்லை. ஓட்டல் என்று மட்டும் எழுதினால், எங்களது ஓட்டல் அல்ல, தர்மசாலை என்று ஒருவர் தப்பித்துவிடலாம். ஒவ்வொரு சொல்லும் ஒரு வாயில் என்பதைச் சட்டம் அறிந்திருந்தது.

அந்தச் சட்டங்களால் பயன் விளையாமல் இல்லை. பஹாட்கஞ்சில் புதுத் தில்லி நிலையத்துக்கு எதிரே அடுக்கடுக்காக நிற்கும் ஓட்டல்களில் சாதி கேட்டு அறை கொடுப்பவர் இன்று இல்லை. அகதிகளின் உழைப்பால் வளர்ந்து, 1960களின் பிற்பகுதியில் உலகம் சுற்றிய மேலைநாட்டு இளைஞர்களால் பெயர்பெற்ற அந்தத் தெருவில் காசுதான் சாதி. ஜஹானாராவின் சராயில் கூட இது இந்த அளவுக்குச் சாத்தியமாகவில்லை. சில இரவுகளுக்கான தங்குமிடத்தில் சுதந்திர இந்தியா நெடுந்தூரம் வந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

சில மாதங்களுக்கான தங்குமிடத்தில் அப்படிச் சொல்ல முடியாது. வாடகை வீடு சட்டத்தின் பட்டியலில் இல்லை. வீட்டுக்காரர் கடைக்காரர் அல்லர் என்றே நடைமுறை கருதுகிறது. குறிப்பிட்ட சமூகத்தாரை மட்டும் உறுப்பினராகச் சேர்க்கும் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கிலும் பார்சியரின் சங்கமே சம்பந்தப்பட்டிருந்தது. சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் தில்லியையும் அதைச் சூழ்ந்த நகரங்களையும் களமாகக் கொண்டு 2015இல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளும் அவர்களைவிட அதிகமாக முஸ்லிம்களும் வாடகை வீடு மறுக்கப்படுவதைக் காட்டியது. வீடு தர இசைந்தோரிலும் சிலர் கூடுதல் வாடகை கேட்டனர், சிலர் நிபந்தனை வைத்தனர். தொலைபேசியில் பெயரைச் சொன்னவுடனே உரையாடல் முடிந்த நிகழ்வுகள் அவற்றில் உண்டு. முகவர்கள் கேட்கும் விதமும் மாறியிருக்கிறது. சாதி என்ன என்று கேட்பதில்லை. முழுப்பெயர் என்ன, சைவமா, சொந்த ஊர் எது என்று கேட்கிறார்கள். தமிழ்ப் பெயர்களில் சாதிப் பின்னொட்டு இல்லாதது அவர்களைக் குழப்புகிறது. தந்தை பெயரின் முதலெழுத்தைக் குடும்பப் பெயரென்று எண்ணி, அதன் விரிவைக் கேட்டுத் துருவுகிறார்கள். பெயரிலிருந்து சாதியை நீக்கிய ஒரு நூற்றாண்டு இயக்கத்தின் பலனைத் தமிழ் மாணவர் மிகத் தெளிவாக உணரும் இடங்களில் ஒன்று கட்வாரியா சராயின் மாடிப்படி.

பெண்களின் நிலை தனி. 15ஆம் பிரிவில் பால் என்ற சொல்லும் இருக்கிறது. ஆயினும் தனியே வரும் பெண்ணுக்கு அறை இல்லை என்று சொல்லும் லாட்ஜுகள் எல்லா நகரங்களிலும் உண்டு. பாதுகாப்பு என்பதே சொல்லப்படும் காரணம். மணமாகாத ஆணும் பெண்ணும் ஓட்டல் அறையில் தங்குவது எந்தச் சட்டப்படியும் குற்றமன்று என்று 2019இல் கோயம்புத்தூர் வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. சாந்தினி சௌக்கில் விடுதி கட்டிய அந்த மணமாகாத இளவரசியே இன்று தனியாக வந்து அறை கேட்டாலும், வந்த காரியம் என்ன என்ற கேள்வி வராமலிராது.

அவருடைய சராய் நின்ற இடத்தில் எழுந்த டவுன் ஹாலிலிருந்து மாநகராட்சி அலுவலகங்கள் வேறு இடத்துக்குப் பெயர்ந்துவிட்டன. முன்பு விக்டோரியா மகாராணியின் சிலை நின்ற முற்றத்தில் இப்போது சுவாமி சிரத்தானந்தரின் சிலை நிற்கிறது. சுற்றிலும் புறாக்களுக்குத் தானியம் இறைக்கிறார்கள். காலியான கட்டடத்தை என்ன செய்வதென்று அவ்வப்போது முன்வைக்கப்பட்ட யோசனைகளில், அதைப் பாரம்பரிய ஓட்டலாக மாற்றலாம் என்பதும் ஒன்று.